அப்பத்தா எங்கே இறங்குவது: மதுரையிலா, தூத்துக்குடியிலா?

குழு: சாயல்குடி பெரிய வீடு

பெரியப்பா (காலை 6:42): அனைவருக்கும் வணக்கம். குலசாமி கும்பிடுக்கு அப்பத்தாவைத் தாம்பரத்திலிருந்து விமானத்தில் அழைத்து வருவதென்று முடிவாகிவிட்டது. மதுரையில் இறங்குவதா, தூத்துக்குடியில் இறங்குவதா என்று இன்றே சொன்னால் வண்டிக்காரரிடம் பேசிவிடுவேன்.

ராமநாதபுரம் மாமா (6:55): மதுரைதான், மச்சான். சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழியில் ஏறத்தாழ 420 கி.மீ., தூத்துக்குடிக்கு 530 கி.மீ. வயதானவரை எதற்காக 110 கி.மீ. கூடுதலாகச் சுமந்து வர வேண்டும்?

நான் (7:10): மாமா, அந்த 110 கிலோமீட்டரும் வானத்தில்தான் கூடுகிறது. டிக்கெட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வது முதல் இங்கே வந்து நிற்பது வரையிலான மொத்த நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதும் எந்த ஊருக்குப் போனாலும் உண்டு என்பதால், தூரம் கால்பங்கு கூடினாலும் நேரம் அந்த அளவுக்குக் கூடாது. ஜெட் விமானமானால் பத்து நிமிடம் கூடும். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஏடிஆர் ஆனால் பதினைந்து நிமிடம் வரை கூடலாம். ஆனால் மதுரையில் இறங்கினால் அருப்புக்கோட்டை, கமுதி வழியாக வேகத்தடை வேகத்தடையாக ஏறி இறங்கி வீடு சேர இரண்டரை மணி நேரமாகும். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் இறங்கினால் குளத்தூர், வேம்பார் வழியாகக் கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். போன முறை கமுதிக்கு முன்னால் அப்பத்தா இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தது நினைவிருக்கும்.

தாம்பரம் அத்தை (7:24): ஏடிஆர் என்பது விசிறி வைத்த சிறிய விமானம்தானே? அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. படியேற முடியுமா?

நான் (7:31): அதில் பின்கதவு வழியாகத்தான் ஏற வேண்டும், அத்தை, ஆனால் கதவு தாழ்வாக இருப்பதால் சில படிகள்தாம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே தெரிவதை எதுவும் மறைக்காது. இடப்பக்கம் உட்கார வையுங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

ராமநாதபுரம் மாமா (7:40): சரி, சாயல்குடிக்குத் தூத்துக்குடி என்று ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்குப் பரமக்குடிச் சாலை இருக்கும்வரை மதுரைதான்.

பெரியப்பா (7:48): ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் உச்சிப்புளியில் ஓடுபாதை இருந்தும் அது கடற்படையின் பருந்து விமானத் தளமாக இருப்பதால், நாம் இன்னும் இரண்டு ஊர்களுக்கு நடுவில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். இருக்கட்டும். வாகைக்குளத்துக்கே வண்டி சொல்லிவிடுகிறேன். கவுண்ட்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், தங்கச்சி. வீட்டிலிருந்து நேரத்தோடு கிளம்பு.

தாம்பரம் அத்தை (7:52): சரி அண்ணே. வண்டியில் இரண்டு எலுமிச்சம்பழம் போட்டு வையுங்கள்.