மாரடைப்புக்குப் பிந்தைய பாலுறவு ஆலோசனை: கையேட்டுக்கு நல்ல சொல் தேவை

கோவை, செவிலியர் கல்லூரி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். மாணவிகளுக்கான இதய நோய்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாரடைப்பு வந்தவர் வீடு திரும்புமுன் உடலுறவு பற்றி விளக்கும் பணிக்குப் பெயர் வேண்டும். 'பாலியல் ஆலோசனை' என்றதும் வகுப்பே சிரித்துவிட்டது. லாட்ஜில் முகாம் போடும் பரம்பரை வைத்தியர் விளம்பரம் மாதிரி இருக்கிறதாம். சொல்ல வேண்டியது எளிதுதான். சிக்கலில்லாத மாரடைப்பா, இரண்டு மாடிப் படி விறுவிறுவென ஏறியும் நெஞ்சுவலி, மூச்சிரைப்பு இல்லையா, பெரும்பாலும் பயமில்லை. நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் மாத்திரை போடுகிறவர் வயாகரா பக்கமே போகக்கூடாது. இதைக்கூட யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. நோயாளி கேட்கட்டும் என்று செவிலியர், அவர்களே சொல்லட்டும் என்று நோயாளி.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, 'ஆலோசனை' வடசொல். 'கூடல் ஆற்றுப்படை' என்க. ஆறு என்பது வழி. பாணனை வள்ளலிடம் வழிப்படுத்தியது போல் இதுவும். 'புணர்ச்சி' என்றாலும் பிழையில்லை.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, 'புணர்ச்சி' என்றால் பிள்ளைகள் வல்லினம் மிகுமா என்றுதான் கேட்பார்கள். 'கூடல்' என்றால் உங்கள் மதுரையின் பழைய பெயர். 'கலந்தாய்வு' பொறியியல் சேர்க்கைக்குப் போய்விட்டது. 'தாம்பத்தியம்' எல்லாருக்கும் புரியும், வடசொல்லானால் என்ன?

யாழ்ப்பாணம், மருத்துவர்:
இங்கே ஆலோசனை என்பதற்கு 'ஆற்றுப்படுத்தல்', 'உளவளத்துணை' இரண்டும் புழக்கத்தில் உள்ளன. 'பாலுறவு ஆற்றுப்படுத்தல்' போதும். தாம்பத்தியம் என்றால் மணமாகாதவரை எங்கே வைப்பது? 2013இல் அமெரிக்க, ஐரோப்பிய இதய அமைப்புகள் இந்த ஆலோசனை பற்றிக் கூட்டாக வெளியிட்ட அறிக்கையும் நோயாளியோடு துணைவரைச் சேர்த்துத்தான் பேசுகிறது, மனைவி என்று சுருக்கவில்லை.

மதுரை, தமிழாசிரியர்:
மகிழ்ச்சி. ஆனால் அங்குள்ள 'ஆற்று' வழியா, துயர் ஆற்றுவதா? இரண்டாவதென்றால் வள்ளுவரின் 'பிரிவாற்றாமை' இதற்கு உறவு. ஐசியூவுக்கு வெளியே காத்திருக்கும் மனைவிக்கு அதைவிடப் பொருத்தமான அதிகாரம் உண்டா? ஆறு, ஆற்று, ஆற்றல் மூன்றையும் வேர்வழி பார்த்தால்...

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, வெள்ளிக்கிழமை!

கோவை, ஆசிரியை:
கட்டிலருகே மகன் நிற்கும்போதும் இருபது வயதுப் பெண் கூசாமல் சொல்லக்கூடிய சொல் வேண்டும் எனக்கு. 'இல்லற வழிகாட்டல்' எப்படி? மூன்று பேர் தனிமடலில் சரி என்கிறார்கள்.

யாழ்ப்பாணம், மருத்துவர்:
உடன்பாடில்லை. இல்லறம் என்று தலைப்பிட்டால் உப்பைக் குறையுங்கள், கோபப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். கூச்சத்துக்குச் சொல்லே வசதி செய்து கொடுக்கக்கூடாது.

கோவை, ஆசிரியை:
அந்தப் பயம் எனக்கும் உண்டு. தலைப்பு 'இல்லற வழிகாட்டல்', முதல் வரியிலேயே 'உடலுறவு'. அப்படியே அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

மதுரை, தமிழாசிரியர்:
குறளின் இல்லறவியலில் விருந்தோம்பலும் அடக்கம் அம்மா. என் மறுப்பைக் குறித்துக்கொள்க. 'ஆற்று' பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.