[கலைச்சொல்] இசைக்குழு ரசிகர்களுக்கு இணையத்தில் காசு வாங்காமல் தரும் தொகுப்பு: என்ன சொல்லலாம்?

தட்டச்சி, வெள்ளி காலை 9.10

அனைவருக்கும் வணக்கம். இசை விநியோகம் பற்றிய கல்லூரிப் பாடநூலில் ஓர் இயல் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. திங்கள் மாலை பக்க வடிவமைப்புக்குப் போயாக வேண்டும். இயல் முழுக்க மூன்று வெளியீடுகளைச் சுற்றியே ஓடுகிறது.

ஒன்று, நைன் இன்ச் நெய்ல்ஸ் இசைக்குழு 2008 மே 5 அன்று 'தி ஸ்லிப்' தொகுப்பைத் தந்தது. தளத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் இணைப்பு வரும். விலை கேட்கும் கட்டமே கிடையாது. இரண்டு, ரேடியோஹெட் 2007 அக்டோபர் 10 அன்று 'இன் ரெயின்போஸ்' தந்தது. அங்கே விலைக்கட்டம் உண்டு, அதில் பூச்சியமும் போடலாம். மூன்று, 2014 செப்டம்பரில் யூ2 குழுவின் தொகுப்பு, ஆப்பிளின் இசைக்கடையான ஐடியூன்ஸில் கணக்கு வைத்திருந்தவர்களுக்குத் தானாகவே வந்து சேர்ந்தது.

மூன்றுக்கும் 'இலவச வெளியீடு' என்று எழுதியிருந்தேன். மேலாய்வாளர் சிவப்பு மையில் வட்டமிட்டு, "காசில்லாததா, கட்டற்றதா? மூன்றும் ஒன்றா?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கட்டற்றது என்றால் எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம், பகிரலாம் என்று பொருள். மூன்று சொற்கள் வேண்டும்.

கூடவே ஒரு சில்லறைச் சிக்கல். தி ஸ்லிப் பக்கத்தில் குழுவின் தலைவர் ட்ரெண்ட் ரெஸ்னர் ரசிகர்களின் ஆதரவுக்கு நன்றி சொல்லிவிட்டு 'this one's on me' என்று ஒரு குறும்பு வரி போட்டிருந்தார். சொல்லுக்குச் சொல் போட்டால் 'இது என் மேல்' என்று வருகிறது. யாரோ மேலே ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

நன்னூலான், வெள்ளி காலை 10.25

> காசில்லாததா, கட்டற்றதா?

மேலாய்வாளர் வாழ்க. 'இலவசம்' சங்க நூல்களில் இல்லாத சொல். வடசொல் என்று தள்ளுவார் உண்டு. வெற்றிலையில் வைத்துத் தருவதால் 'இலை வயம்' என்று சொல்லித் தமிழாக்கிக்கொள்வாரும் உண்டு. எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை இல்லை. வெற்றிலையில் வைத்துத் தந்ததை நம் முன்னோர் சும்மா வாங்கியதில்லை, திருப்பிச் செய்தார்கள்.

நம்மிடம் 'கொடை' இருக்க என்ன குறை? புறநானூறு 142இல் பரணர் பேகனைக் 'கொடைமடம்' படுவான் என்கிறார். யாருக்கு, எதற்கு என்று எண்ணாமல் கொடுப்பது. அதே பாட்டில் மழையை 'வரையா மரபின் மாரி' என்கிறார். வயல், குளம், களர்நிலம் என்று பாராமல் பெய்வது. முகவரி கொடுத்த எவருக்கும் பாட்டு என்றால் அது வரையாமைதான். என் பரிந்துரை: வரையா வெளியீடு.

ஒலித்தச்சன், வெள்ளி காலை 11.40

ஐயா, பாட்டு அருமை. ஆனா இன்னைக்குப் பசங்க 'வரையா'ன்னு பார்த்தா அட்டைப்படம் வரையலைன்னுதான் நினைப்பாங்க. கணினிக்காரங்களுக்கு வரைவுன்னா முன்பிரதி. 'வரையா வெளியீடு'ன்னா நேரா இறுதிப் பதிப்பு! அகத்திணை படிச்சவங்க இன்னும் மோசம், கல்யாணம் ஆகாத வெளியீடான்னு கேப்பாங்க.

பேர் வைக்கிறதுக்கு முன்னாடி என்ன கொடுத்தாங்கன்னு பார்த்துடலாம். பத்துப் பாட்டு, 44 நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாலு வடிவம்: எம்பி3, ஃபிளாக், ஆப்பிளோட எம்4ஏ, அப்புறம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ். எதை எடுத்தாலும் படமும் பங்களிப்பாளர் விவரமும் உள்ள பிடிஎஃப் கூடவே வரும்.

குறுந்தகட்டுத் தரத்துக்கு விநாடிக்கு 44,100 மாதிரி (ஒலியை அளந்து எடுக்குற எண்), ஒவ்வொண்ணும் 16 பிட், இடம் வலம்னு ரெண்டு தடம். பெருக்கினா 14,11,200 பிட். நிமிஷத்துக்கு 10.6 மெகாபைட், முழுத் தொகுப்பு சுமார் 460. ஃபிளாக்கும் எம்4ஏவும் இதை ஒரு பிட்டும் மாறாம மடிச்சுத் தரும். 24/96 வேவ் மடிக்காதது: விநாடிக்கு 46,08,000 பிட், மொத்தம் ஒன்றரை ஜிபி. அன்னைக்கு நம்ம ஊர்ல 256 கிலோபிட் இருந்தாலே அகலக்கற்றைன்னு பேரு. அதுல இதை இறக்க 13 மணி நேரம். பெரிய கோப்புகளை டொரண்ட் வழியா விட்டதுக்குக் காரணம் இந்தக் கணக்குதான். இறக்குறவங்களே அடுத்தவங்களுக்கும் துண்டு துண்டா கொடுப்பாங்க, குழுவோட வழங்கி மூச்சுத் திணறாது.

விஷயம் என்னன்னா, கடையில காசுக்கு வித்த தகட்டைவிட மேலான தரம் இங்க சும்மா கிடைச்சுது. ரேடியோஹெட் கொடுத்தது 160 கிலோபிட் எம்பி3 மட்டும். நல்ல தரம் வேணும்னா தகடு வர்ற வரைக்கும் காத்திருக்கணும், இல்ல 40 பவுண்டு பெட்டி வாங்கணும். அதனால 'மாதிரி', 'முன்னோட்டம்'னு தொனிக்கிற எந்தச் சொல்லும் தி ஸ்லிப்புக்கு ஒத்துவராது.

ரெஸ்னர் வரிக்கு: டீக்கடையில காசு எடுக்கப் போறவன் கையைப் பிடிச்சு என்ன சொல்வோம்? 'இது என் கணக்கு'. அவ்வளவுதான்.

தட்டச்சி, வெள்ளி மதியம் 12.05

'இது என் கணக்கு' அப்படியே போட்டுவிட்டேன். நன்றி அண்ணா.

அதே இயலில் ஃபிளாக் போன்றவற்றுக்கு 'இழப்பில்லா வடிவம்' (lossless) என்றும் எழுதியிருக்கிறேன். பணம் வாங்காத வெளியீட்டைப் பற்றிய பாடத்தில் 'இழப்பில்லா வெளியீடு' என்று வந்தால் குழுவுக்கு நட்டமில்லை என்று மாணவர் படிப்பாரே?

ஒலித்தச்சன், வெள்ளி மதியம் 12.30

படிப்பாங்க. 'முழுமீட்புச் சுருக்கம்'னு போடுங்க, விரிச்சா முழுசும் மீளும். எம்பி3 'குறைமீட்பு'. தூக்கி எறிஞ்ச தகவல் திரும்ப வராது, எம்பி3யை ஃபிளாக்கா மாத்தினாலும் கோப்புதான் வீங்கும்.

இன்னொண்ணு. எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட சட்டமாத்தான் நறுக்கும். பாட்டு சட்டத்தோட நடுவுல முடிஞ்சா மீதியை வெறுமையால நிரப்பும், பாட்டோட தொடக்கத்துலயும் கொஞ்சம் சேரும். ஒரு பாட்டு நிக்காம அடுத்ததுக்குள்ள ஓடுற தொகுப்புல இது சின்ன விக்கலாக் கேக்கும். நிரப்பின அளவைக் கோப்போட தலைக்குறிப்புல எழுதி, பாட்டை ஓட்டுற செயலியும் அதைப் படிச்சா விக்கல் போயிடும். இந்த விக்கலுக்கு 'தடை'ன்னு வேண்டாம், 'இடைவெளி'ன்னே எழுதுங்க.

பொதுமம், வெள்ளி மாலை 4.15

இந்த இழையில் யாராவது 'கட்டற்ற வெளியீடு' என்று சொல்வதற்கு முன் முந்திக்கொள்கிறேன். தி ஸ்லிப் வந்தது கிரியேட்டிவ் காமன்ஸின் 'பெயர் குறிப்பிடு, வணிகம் செய்யாதே, அதேபோல் பகிர்' உரிமத்தில். நண்பருக்குக் கொடுக்கலாம், வலைப்பதிவில் போடலாம், வெட்டி ஒட்டி வேறு பாட்டாக்கலாம். ஆனால் விற்கக் கூடாது, விளம்பரப் படத்துக்குப் பின்னணியாக்கக் கூடாது, மாற்றிச் செய்ததையும் இதே உரிமத்தில்தான் விட வேண்டும். வணிகத் தடை உள்ளதைக் கட்டற்றது என்று நம் வழக்கில் சொல்வதில்லை, விக்கிப்பீடியாவுக்குப் படமும் ஒலியும் தரும் விக்கிமீடியா பொதுவகம்கூட ஏற்காது.

உரிமம் கட்டுவது வாங்குபவரைத்தான், தந்தவரை அல்ல. அதே தொகுப்பைக் குழு 2008 ஜூலையில் எண்ணிட்ட 2,50,000 தகடுகளாக விற்றது. இதில் முரண்பாடு ஏதும் இல்லை. மொழிபெயர்ப்பில் 'உரிமையைத் துறந்தது' என்று எழுதிவிடாதீர்கள். பதிப்புரிமை அங்கேயேதான் இருக்கிறது.

காசில்லாமைக்கு மட்டும் பெயர் தேடுங்கள். 'கட்டணமில்லா'?

நன்னூலான், வெள்ளி மாலை 5.50

கட்டணம் பணிக்கு, விலை பொருளுக்கு. பேருந்துக்குக் கட்டணம், பாத்திரத்துக்கு விலை. பாட்டுக்கோப்பு பொருளா பணியா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதுவும் 'கட்டணமில்லா' என்ற சொல்லைத் தமிழன் அதிகம் படித்தது கழிப்பிடச் சுவரில். 'விலையில்லா' என்றாலோ 2011க்குப் பிறகு மிக்சியும் மடிக்கணினியும் கண்முன் வரும். 'விலையற்ற' என்றால் மதிப்பிட முடியாததா, மதிப்பே இல்லாததா என்று தெரியாது.

வடலி, வெள்ளி இரவு 9.30

வணக்கம். ஐயா சொல்லுறது வடிவாத்தான் இருக்கு. ஆனால் 'கொடை'யில எனக்கொரு இடறல். பாணர் பாட, அரசன் குடுக்கிறதுதான் பரிசில். இஞ்ச பாணரே எல்லாருக்கும் குடுக்கிறார். திசை மாறிப்போச்சு.

மற்றது, தட்டச்சி அக்கா தகட்டுக்கு என்ன போடுறீங்கள்? எங்கட பக்கம் 'இறுவட்டு' எண்டுதான் வழக்கம். பதிவிறக்கத்தை நாங்கள் 'தரவிறக்கம்' எண்டுவம். பாடநூல் ஆருக்கு எண்டு பார்த்துப் போடுங்கோ.

நன்னூலான், சனி காலை 6.40

வடலியார் கேட்டது இரவு முழுக்க உறங்க விடவில்லை. விடை தொல்காப்பியத்தில் இருக்கிறது. எச்சவியல் சொல்வது: 'ஈ' இழிந்தோன் கேட்கும் சொல், 'தா' ஒப்போன் கேட்கும் சொல், 'கொடு' உயர்ந்தோன் கேட்கும் சொல். 'ஈகை வெளியீடு' என்றால் ரசிகர் இரவலர். 'கொடை' என்றால் ரசிகர் குழுவுக்கு மேலானவர். பாடுவோரும் கேட்போரும் நிகர் என்பதுதான் இவ்வெளியீட்டின் உயிர். ஆகவே 'தா'வின் வழி தருகை வெளியீடு. 'வரையா'வைத் திரும்பப் பெறுகிறேன்.

'தரவிறக்க'த்தின் 'தரவு'ம் தருதலின் வழிவந்ததே என்று காட்ட முடியும். கலிப்பாவின் முதல் உறுப்பான தரவை எண்ணிப் பாருங்கள். விரிவாக மாலை எழுதுகிறேன்.

ஒலித்தச்சன், சனி காலை 8.15

ஐயா, விரிவா வேண்டாம். 'தருகை வெளியீடு'ன்னு போனா மெய்ப்பு பாக்குறவர் 'வருகை வெளியீடு'ன்னு திருத்தி அனுப்புவார். எழுதித் தர்றேன்.

ரேடியோஹெட்டுக்கு என் ஓட்டு: உண்டியல் வெளியீடு. கோயில்ல போடுற மாதிரி, எவ்வளவுன்னு உங்க மனசு. 'மொய்'னும் யோசிச்சேன். மொய்யில பேரு எழுதுவாங்க, திருப்பிச் செய்யணும், சரிவராது. ஒரே ஒரு வித்தியாசம், எதாவது காசு போட்டா கடன் அட்டைச் செலவுக்கு 45 பென்ஸ் தனியா எடுத்தாங்க. பூச்சியம் போட்டவங்களுக்கு அதுவும் இல்ல.

பொதுமம், சனி காலை 9.00

உண்டியல் நன்று. எந்த ஊர் மாணவனுக்கும் விளக்கம் தேவையில்லை.

வடலி, சனி காலை 9.20

எங்கட ஆக்களுக்குத் தேவை! உண்டியல் எண்டால் வங்கி இல்லாமல் வெளிநாட்டுக் காசு கைமாத்துறது. 'உண்டியல் வெளியீடு' எண்டு பார்த்தால் கள்ளக் கணக்கு எண்டு நினைப்பினம்.

நன்னூலான், சனி காலை 9.45

வடலியார் சொல்வது பழைய பொருளும்கூட. வணிகரின் மாற்றுச் சீட்டுக்கும் உண்டியல் என்றே பெயர். அதை 'உண்டி'யோடு இணைப்பதா, வடக்கத்திய 'ஹுண்டி'யோடு இணைப்பதா என்பது

பொதுமம், சனி காலை 9.50

தனி இழை, ஐயா. தயவு செய்து.

யூ2வுக்கு வருவோம். 2014 செப்டம்பர் 9. ஐம்பது கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் வாங்கிய பட்டியலில் யாரும் கேட்காமலே தொகுப்பு ஏறியது. தானியங்கு இறக்கம் திறந்திருந்தவர்களின் கைபேசியிலேயே வந்து உட்கார்ந்தது. எரிச்சல் கிளம்பி, ஆறாம் நாள் நீக்குவதற்கென்றே ஆப்பிள் ஒரு பக்கம் திறந்தது. கேட்பவர் காசு தரவில்லை, ஆனால் ஆப்பிள் குழுவுக்குத் தந்தது. 'திணிப்பு வெளியீடு' என்றால் ஒரே சொல்லில் தமிழ்நாடே புரிந்துகொள்ளும்.

தட்டச்சி, சனி காலை 10.30

புரிந்துகொள்ளும், மறியலுக்கும் கிளம்பும். பாடநூல் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது பதிப்பகத்தின் விதி. 'தானேறு வெளியீடு' போடட்டுமா? எரிச்சல் கிளம்பிய கதை பத்தியிலேயே இருக்கிறது.

ஒலித்தச்சன், சனி காலை 10.34

போடுங்க.

தட்டச்சி, ஞாயிறு இரவு 11.50

இப்போதைய நிலை. தி ஸ்லிப்: பாடத்துக்குள் 'இலவச இணைய வெளியீடு'. முதல் முறை வரும்போது மட்டும், "இங்கே இலவசம் என்பது காசில்லாமையை மட்டும் குறிக்கும், உரிமம் வேறு" என்று ஒரு வரி. இன் ரெயின்போஸ்: 'விரும்பிய விலை வெளியீடு'. உண்டியலை வடலிக்காகக் கைவிட்டேன், எடுத்துக்காட்டாகப் பத்தியில் கோயில் உண்டியல் என்றே வருகிறது. யூ2: 'தானேறு'. தகட்டுக்குக் 'குறுந்தகடு', சொல்லடைவில் இறுவட்டும் உண்டு. எதிர்ப்பு இருந்தால் காலை பத்துக்குள்.

நன்னூலான், திங்கள் காலை 6.15

மூன்று நாள் மோதி 'இலவச'த்துக்கே திரும்பினோம். பெரும்பான்மைக்குப் பணிகிறேன். சொல்லடைவில் 'தருகை (பரிந்துரை)' என்று ஒரு வரியாவது இருக்கட்டும். மேலும் உங்கள் வரைவில் 'முழுமீட்பு சுருக்கம்' என்று நான்கு இடங்களில் ஒற்று விடுபட்டுள்ளது.

தட்டச்சி, திங்கள் காலை 9.40

ஒற்று சேர்த்தாயிற்று, தருகையும் சேர்த்தாயிற்று ஐயா. மெய்ப்பு பார்ப்பவர் அதற்குள் அழைத்துவிட்டார். '24/96 வேவ்' எந்த வருடத்துத் தேதி, மாதம் தப்பாக இருக்கிறதே என்கிறார்.

ஒலித்தச்சன், திங்கள் காலை 9.44

'24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்'னு விரிச்சே எழுதிடுங்க. தருகையை வருகைன்னு மாத்திட்டாரான்னும் ஒரு தடவை பாத்துக்குங்க.