வழுக்குத்தடையா, பிடிமானமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நாய், பூனை வளர்ப்போர் தங்கள் வீட்டுக் கூடத்துக்கு எந்தத் தளத்தைத் தேர்வது என்பது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். கால் வழுக்காமல் நிற்க உதவும் பண்புக்கு ‘வழுக்குத்தடை’ என்ற சொல்லை இங்கே இருவர் முன்மொழிந்திருக்கிறீர்கள். ஓசை நன்றாகவே இருக்கிறது. ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

‘வேகத்தடை’ என்றால் வேகம் குறையும் பண்பை யாரும் நினைப்பதில்லை. சாலையின் குறுக்கே போட்ட மேட்டைத்தான் நினைக்கிறோம். அவ்வாறே ‘வழுக்குத்தடை’ என்று எழுதினால், படி விளிம்பில் ஒட்டும் சொரசொரப்பான பட்டை என்றே வாசகர் கொள்வார். அந்தப் பட்டைக்கு அது மிகப் பொருத்தமான பெயர், அதற்கே விட்டுவிடலாம்.

இதைவிட முக்கியமான காரணம், இப்பண்பு அளக்கப்படும் முறையில் இருக்கிறது. டைல்ஸ் விவரத்தாள்களில் காணும் ஆர்9 முதல் ஆர்13 வரையான குறியீடு, டிஐஎன் 51130 என்ற ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்தது. எண்ணெய் பூசிய டைல்ஸ் பதித்த சாய்தளத்தில் பாதுகாப்புக் காலணி அணிந்த ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். எந்தக் கோணம் வரை அவரால் உறுதியாக நடக்க முடிகிறது என்பதே தரத்தை முடிவுசெய்கிறது. ஆர்9 என்பது 6 முதல் 10 பாகை வரை. ஆர்10 அதற்கு மேல் 19 பாகை வரை. வெறுங்காலுக்கோ டிஐஎன் 51097 என்று தனித் தரநிலை வகுத்தார்கள். அதில் எண்ணெய்க்குப் பதில் சோப்பு நீர். கால் மாறினால் சோதனையே மாறுகிறது என்றால், அளக்கப்படுவது தளத்தில் மட்டும் உறையும் பண்பன்று. காலுக்கும் தளத்துக்கும் இடையில் நிகழ்வது. உராய்வின் அளவைக் காட்டும் எண்ணான உராய்வுக் குணகத்தை எப்போதும் இரண்டு பரப்புகளுக்கு இடையே சொல்வதும் இதனால்தான்.

இவ்விரு தரநிலைகளிலும் நாயின் பாதத்துக்கு இடமில்லை. நாய் விரல்களை ஊன்றி நடப்பது. மண்ணில் பதிந்து உதவும் அதன் நகம், கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸில் பதியாது. நகம் நீண்டுவிட்டாலோ விரல்மெத்தை சரியாக ஊன்றாது. எங்கள் வீட்டு லேப்ரடாருக்குப் பளபளப்பான கூடத்தில் எழுந்திருக்கும்போதெல்லாம் பின்னங்கால்கள் விரிந்துபோகும். இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடிய இனம் என்பதால் அதைப் பார்க்கவே மனம் பதறும். நகத்தை வெட்டி, விரலிடை முடியையும் கத்தரித்த பிறகு அதே தளத்தில் அது முன்னைவிட உறுதியாக நின்றது. தளம் மாறவில்லை, கால்தான் மாறியது. ‘தளத்தின் வழுக்குத்தடை’ என்ற சொல்லில் இந்த உண்மைக்கு இடமில்லை.

வேறு சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். ‘வழுக்காமை’யில் அளவு சொல்ல வழியில்லை, ஆர்9 டைல்ஸும் ஈரத்தில் வழுக்கும். ‘சொரசொரப்பு’ பரப்பின் அமைப்பை மட்டுமே சொல்கிறது. வழுக்கு நிலத்துக்கு வள்ளுவர் ஆண்ட ‘இழுக்கல்’ (குறள் 415) எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் இன்று ‘இழுக்கு’ என்றால் அவமானம் என்றே பொருள்படும்.

நான் முன்வைப்பது ‘தரைப்பிடிமானம்’. “காலுக்குப் பிடிமானமே இல்லை” என்பது நம் வீடுகளில் புழங்கும் பேச்சு. வருமானம், கட்டுமானம், தேய்மானம் என்ற வரிசையில் இயல்பாக அமைகிறது. மிகும், குறையும் என்று அளவும் சொல்லலாம். பிடிப்பது, பிடிகொடுப்பது என்ற இரு பக்கமும் அதில் அடங்கும். ‘உலர்பிடிமானம்’, ‘ஈரப்பிடிமானம்’ என்ற கிளைச்சொற்களும் தேவைப்படும். விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது என்பதைக் கறைபடாமைக்குப் பெருமையாகச் சொல்கிறோம். உறிஞ்சாத அந்த நீர் மேற்பரப்பிலேயே படலமாக நிற்கும் என்பதையும் நாய்க்குத் தண்ணீர் வைக்கும் வீட்டார் அறிய வேண்டும்.

கையேட்டில் அந்த வரி இவ்வாறு அமையும்: “கூடத்துக்கு ஆர்10 தரமுள்ள, மெருகேற்றாத டைல்ஸைத் தேர்க, தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் மூலையில் ஈரப்பிடிமானத்தைத் தனியே சோதித்துப் பார்க்க.” இதில் எங்கேனும் பொருள் மயக்கம் தென்பட்டால், அச்சுக்குப் போகுமுன் தெரிவிக்க வேண்டுகிறேன்.