கிரெடிட் கார்டு பாக்கியைக் குறைத்துக் கட்டி முடிப்பது சரியா?

கேள்வி: தக்கலைவாசி
அனைவருக்கும் வணக்கம். மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றுபோனதால் ஐந்து மாதமாகக் கார்டுக்குப் பணம் கட்ட இயலவில்லை. வட்டியும் அபராதமுமாக நிலுவை 1,80,000 ரூபாய்க்கு வந்துவிட்டது. வங்கியின் சார்பில் பேசுவதாகச் சொல்லும் ஒருவர், இன்று மாலைக்குள் 80,000 ரூபாயைத் தமது யுபிஐ எண்ணுக்கு அனுப்பினால் கணக்கை முடித்துத் தருவதாகக் கூறுகிறார். மனைவியின் நகையை அடகு வைத்து அனுப்பலாமா?

பதில்: குழித்துறை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்
தம்பி, அந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தவணை 90 நாட்களைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும் என்பதால், வங்கி இறங்கிவருவது உண்மைதான். ஆனால் குறைத்த தொகைக்கு வங்கி ஒப்புக்கொள்ளும் செட்டில்மென்ட் கடிதம் வங்கியின் லெட்டர்பேடிலோ அதிகாரபூர்வ மின்னஞ்சலிலோ வர வேண்டும். கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள், மொத்த நிலுவை, ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய கடைசி நாள், அதன்பின் மீதியைக் கோரமாட்டோம் என்ற வரி ஆகிய அனைத்தும் அதில் இருக்கிறதா என்று பார்த்து, வங்கியை நேரில் கேட்டு உறுதிசெய்த பிறகே, பணத்தைக் கார்டு கணக்கிலேயே செலுத்துங்கள். கெடு தவறினால் சலுகை போய், முழு நிலுவையும் திரும்பி வரக்கூடும். கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்றிதழை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

பதில்: நாகர்கோவில் வாசகி
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குறைத்துக் கட்டினால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' (முழுதாகக் கட்டி முடிந்தது) என்று வராது, 'செட்டில்டு' (குறைத்துக் கட்டி முடித்தது) என்றே பதிவாகும். அந்தப் பதிவு ஏழு ஆண்டுகளாவது இருக்கும் என்பதால், வீட்டுக்கடனோ பிள்ளைகளின் கல்விக்கடனோ கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். ஆகவே, முழு நிலுவையையும் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தருவார்களா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். கார்டு வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தொடும். கூட்டுறவுச் சங்க நகைக்கடனின் வட்டி அதைவிட மிகக் குறைவு. எனினும், பால்வெட்டு மறுபடி தொடங்கி நகையை மீட்க முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டும் அடகு வையுங்கள்.

பதில்: குளச்சல்காரன்
காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூல் முகவர்கள் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகவே முறையிடலாம். நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் மக்கள் நீதிமன்றம் (சமரசமாகத் தீர்த்துவைக்கும் லோக் அதாலத்) கூடும்போதும் பேசித் தீர்க்கலாம். அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதப்படும் தீர்வுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு கிடையாது.

தக்கலைவாசி
மிக்க நன்றி. ரப்பர் ஷீட் விற்ற பணம் வரும் சேமிப்புக் கணக்கும் அதே வங்கியில்தான் உள்ளது. அதனால் தொல்லை வருமா?

பதில்: குழித்துறை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்
வரலாம். பாக்கிக்காக அந்தக் கணக்கிலிருந்து ஈடுசெய்துகொள்ளும் உரிமையைக் கார்டு ஒப்பந்தத்திலேயே வங்கிகள் எழுதி வைத்திருக்கும். செட்டில்மென்ட் கடிதம் கைக்கு வரும்வரை, ஷீட் வாங்கும் கடைக்காரரிடம் வேறு வங்கிக் கணக்கைக் கொடுத்து வையுங்கள்.