இரண்டாம் ஹார்னிலிருந்து முதல் ஹார்ன்: பணிமூப்பு செல்லுமா?

கேள்வி: ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்

என் மகள் அமெரிக்காவில் ஒரு நகர ஆர்கெஸ்ட்ராவில் ஆறு ஆண்டுகளாக இரண்டாம் ஹார்ன் (ஊதி வாசிக்கும் பித்தளை வாத்தியம்) வாசிக்கிறாள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் முதல் ஹார்ன் கலைஞர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். முப்பது ஆண்டுகள் பணிமூப்புப் பட்டியல் பார்த்தே பழகியவன் நான். "அடுத்தது நீதானே அம்மா?" என்று கேட்டேன். "இல்லை அப்பா, நானும் தேர்வாளர்களுக்கு முகம் தெரியாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும்" என்றாள். குரலில் உற்சாகமே இல்லை. தினமும் கூட வாசிப்பவர்களே அவளை ஏன் மறுபடி சோதிக்க வேண்டும்? அவள் போட்டியிடலாமா?

பதில் 1: டிரம்பெட் ரசிகன்

பிலிப் ஸ்மித் 1975இல் சிகாகோ சிம்பொனியில் நான்காம் டிரம்பெட்டாகச் சேர்ந்தார். 1978இல் நியூயார்க் பில்ஹார்மோனிக்கில் இணை முதல் டிரம்பெட், 1988இல் முதல் டிரம்பெட். ஏணியின் அடுத்த படி பெரும்பாலும் வேறு ஊரில்தான் இருக்கிறது.

பதில் 2: கீழ்ஸ்தாயி

ஐயா, பதினோரு ஆண்டுகள் இரண்டாம் ஹார்ன் வாசித்துவிட்டு, இப்போது வேறு ஊரில் முதல் ஹார்ன் வாசிக்கிறேன்.

பணிமூப்பு செல்லாது. இடம் காலியானால் எல்லோருக்கும் அறிவிப்பு போகும். உள்ளே இருப்பவர் முதல் சுற்றைத் தாண்டி நேரே அரையிறுதிக்கோ இறுதிக்கோ போகலாம் என்று பல குழுக்களின் ஒப்பந்தத்தில் உண்டு. மகளின் ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏன் மறுபடி சோதனை? வேலையே வேறு. ஹார்ன் வரிசையில் ஒன்றும் மூன்றும் மேல்ஸ்தாயி, இரண்டும் நான்கும் கீழ்ஸ்தாயி. இரண்டாம் ஹார்ன் முதல் ஹார்னின் சுருதியைக் கேட்டு, மூச்சைப் பார்த்து, அடியில் நின்று தாங்க வேண்டும். அதை நன்றாகச் செய்யச் செய்ய, அடுத்தவரைக் கேட்டபின் தொடங்குவது உடம்பில் ஊறிவிடுகிறது. எனக்கு அதுதான் வினையாயிற்று.

என் குழுவிலேயே போட்டியிட்டேன். காலணி ஓசையில் ஆணா பெண்ணா என்று தெரியக்கூடாது என்பதற்காக விரித்த கம்பளத்தில் நடந்து போனேன். பேசக்கூடாது, எனக்கு ஓர் எண் மட்டும்தான். வாசிக்க வேண்டியது சைக்கோவ்ஸ்கியின் ஐந்தாம் சிம்பொனி, இரண்டாம் பகுதி. மேடையில் என்றால் தாழ்ந்த தந்தி வாத்தியங்கள் முதலில் ஒலிக்கும். அதன்மேல் ஹார்ன் தனியாக எழும். திரைக்குப் பின்னால் தந்திகள் இல்லை. அந்த மௌனத்தில் நான் யாருக்காகவோ காத்திருந்தேன். முதல் சுரம் பக்கத்தில் ஒருவர் இருப்பதுபோல் ஒதுங்கி வந்தது. "ஒலி இனிமை, ஆனால் வழிநடத்தவில்லை" என்று பிறகு சொன்னார்கள். உண்மைதான்.

அடுத்த சீசனில் வென்றவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய சுருதிக்கு என் சுருதியைச் சேர்த்தேன். முதல் மாதம் வீட்டுக்கு வந்து ஹார்னைப் பெட்டியிலிருந்து எடுக்கவே மனம் வரவில்லை. இதைத் தாங்க முடியுமா என்று மகள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

பிறகு குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளிலும் கோடைக்கால நிகழ்ச்சிகளிலும் முதல் ஹார்ன் தரும்படி கேட்டு வாங்கினேன். நண்பர்களை அடுத்த அறையில் உட்காரவைத்து, கதவுக்கு இப்பால் நின்று வாசித்தேன். ஒவ்வொரு தொடக்கத்தையும் பதிவுசெய்து கேட்டேன். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் இடம் கிடைத்தது. பழைய நாற்காலியை விட்டுவிடாமல் ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டுதான் தகுதிகாண் காலத்துக்குப் போனேன். அவள் குழுவில் அந்த வசதி உண்டா என்பதையும் கேளுங்கள்.

பதில் 3: பெர்லின்வாசி

இரண்டாம் இடத்தைத் தாழ்வாக எண்ண வேண்டாம். பெர்லின் பில்ஹார்மோனிக்கின் பித்தளை வாத்தியப் பிரிவில் 2001இல் சேர்ந்த முதல் பெண் சாரா வில்லிஸ், கீழ்ஸ்தாயி ஹார்ன் கலைஞர். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதியின் புகழ்பெற்ற தனி வாசிப்பும் நான்காம் ஹார்னுக்குத்தான்.

கேள்வி கேட்டவர்

கீழ்ஸ்தாயி அம்மா, உங்கள் பதிலைத் தொலைபேசியில் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "காத்திருந்தேன்" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். டிசம்பரில் குழந்தைகள் நிகழ்ச்சி இருக்கிறதாம். முதல் ஹார்ன் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டாள்.