கோழி இல்லாமல் பபியின் பெசாக் சூப்: மகளுக்காகக் கேட்கிறேன்

ராரிட்டன்_கரை:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் வீட்டார் அஷ்கெனாசி, அதாவது கிழக்கு ஐரோப்பா வழி வந்த யூதர்கள். மாமியாரின் பெற்றோர் லிதுவேனியாவிலிருந்து வந்தவர்கள். நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், ஹைலண்ட் பார்க். மாமியாரை மகள் 'பபி' என்பாள், அவர்களுடைய பழைய மொழியான யிட்டிஷில் பாட்டி என்று அர்த்தம். அவள் பேச ஆரம்பித்ததிலிருந்து நானும் பபி என்றுதான் கூப்பிடுகிறேன்.

பெசாக் என்பது யூதர்களின் பஸ்கா பண்டிகை. அதன் முதல் ராத்திரி விருந்தை செடர் என்பார்கள். அன்றைக்கு பபி வைக்கும் கோழி சூப்புக்காகவே சொந்தங்கள் வந்து சேரும். முழுக் கோழியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, கேரட், பார்ஸ்னிப் (வெள்ளைக் கேரட் மாதிரி ஒரு கிழங்கு), செலரி, தோலோடு வெங்காயம், நூலில் கட்டிய ஒரு கட்டு டில் கீரை (நம்மூர் சதகுப்பை) எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் சின்னத் தீயில் விடுவார். தளதளவென்று கொதிக்க விடவே மாட்டார். ராத்திரி குளிரவைத்தால் மேலே மஞ்சளாகக் கொழுப்பு உறையும். அதற்குப் பெயர் ஷ்மால்ட்ஸ். அதை வழித்தெடுத்து, முட்டை, மட்சா மாவோடு (பெசாக்குக்குப் புளிக்காமல் சுடும் ரொட்டியின் பொடி) பிசைந்து உருட்டுவதுதான் க்னேய்ட்லாக். கிண்ணத்தில் அந்த உருண்டை மிதக்க, சுற்றிலும் பொன் காசு மாதிரி கொழுப்புப் பொட்டுகள் மின்னும்.

நான் பிறவியிலேயே சைவம். பதினாலு வருஷமாக அந்த மேஜையில் உருளைக்கிழங்கும் காய்களும் சாப்பிட்டு எழுந்திருக்கிறேன். சூப் பரிமாறும் நேரம் ஏதாவது எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய்விடுவேன். யாரும் என்னைக் குறையாக நடத்தியதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. போன அக்டோபரில் என் மகள் கறியை விட்டுவிட்டாள், பதினோரு வயது. முட்டை சாப்பிடுவாள். நாலு வயதிலிருந்து பபி பக்கத்தில் நின்று உருண்டை பிடிக்கிறவள். "நான் உருட்டுவேன், ஆனா எனக்குக் கிடையாது, இல்லம்மா?" என்று கேட்டாள். அவளும் என்னைப் போல அடுக்களையில் போய் நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

இரண்டு தடவை முயன்றேன். முதலில் காய்களை மட்டும் வேகவைத்தேன்; கேரட் தித்திப்போடு வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. அடுத்து துவரம்பருப்புத் தண்ணீர் விட்டு, ஒரு சிட்டிகைப் பெருங்காயம் போட்டேன். வாசனை தூக்கியது. கணவர் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு, "இதில் கோதுமை மாவு இருக்கிறதே" என்றார். புளிக்காத மட்சாவைத் தவிர, பெசாக்கில் கோதுமை ஹமேட்ஸ், அதாவது விலக்கு; வீட்டிலேயே இருக்கக் கூடாது.

கோழி இல்லாமல் அந்தப் பொன் பொட்டுகளும் கனமும் எப்படி வரும்? ஷ்மால்ட்ஸுக்குப் பதில் என்ன போடலாம்?

பிரிட்ஜ்வாட்டர்_மாமி:

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டதும்மா. இரண்டு கரண்டி நல்ல நெய் விடு. பொட்டும் மின்னும், குழந்தைக்கும் பிடிக்கும். பெருங்காயத்தை விட்டுவிட்டு, பருப்புத் தண்ணீரோடு மிளகைத் தட்டிப்போடு.

ஹைஃபாவிலிருந்து:

மாமி, மன்னிக்கணும், இந்த மேஜைக்கு நெய் ஒத்துவராது. நான் இங்கே போலந்துப் பூர்வீகமுள்ள ஒரு பாட்டியம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன், ஒன்பது பெசாக் ஆகிவிட்டது. செடரில் மாட்டுக்கறியோ கோழியோ கட்டாயம் இருக்கும். கறி வைத்த விருந்தில் பால் சேர்ந்த எதுவும் கூடாது, நெய்யும் பால்தான். இரண்டிலும் சேராததை 'பார்வெ' என்பார்கள். உங்கள் சூப் பார்வெயாக இருக்க வேண்டும். கோழி காய்ச்சும் பானையும் கரண்டியும் அதில் படக் கூடாது.

பருப்பும் சிக்கல்தான். அஷ்கெனாசிகள் பெசாக்கில் அரிசி, பருப்பு, மக்காச்சோளம், கடுகு இவற்றைத் தொடமாட்டார்கள், கிட்னியோத் என்று பெயர். ஸ்பெயின் வழி வந்த செஃபார்டி யூதர் வீடுகளில் சாப்பிடுவார்கள். அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் பிரிவின் ரபிகள் (யூத மத குருக்கள்) 2015இல் அனுமதித்தார்கள், ஆனாலும் பழைய ஆட்கள் விடுவதில்லை. உங்கள் பபியைக் கேட்காமல் போடாதீர்கள். சோயா சாஸும் வேண்டாம், அதில் சோயாவும் கோதுமையும் உண்டு. யாராவது காளான்–பார்லி சூப் வைக்கச் சொல்வார்கள், அதை க்ருப்னிக் என்பார்கள். அருமையான சைவ சூப், ஆனால் பார்லியும் ஹமேட்ஸ். பெசாக் முடிந்ததும் வையுங்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் வெங்காய எண்ணெய். மூன்று பெரிய வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கி, அரை கப் எண்ணெயில் மிகச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் விடுங்கள். ஆலிவ் எண்ணெய் போதும். பழைய வீடுகளில் பெசாக்குக்குப் பருத்திவிதை எண்ணெய். வெங்காயம் தேன் நிறத்துக்கு வந்து ஓரம் மட்டும் சிவக்க வேண்டும். கருகினால் எண்ணெய் கசந்துவிடும், அப்புறம் மீட்கவே முடியாது. வடிகட்டிய அந்த எண்ணெய்தான் உங்கள் ஷ்மால்ட்ஸ். பொட்டுகளும் அதிலிருந்தே வரும்.

சூப்புக்கு மூன்று லிட்டர் தண்ணீர். நாலு கேரட், இரண்டு பார்ஸ்னிப், ஒரு லீக், மூன்று செலரித் தண்டு, செலரிக் கிழங்கு கிடைத்தால் பாதி, காளான் காம்பு ஒரு கைப்பிடி, பூண்டு, மிளகு. இரண்டு வெங்காயத்தைத் தோலோடு பாதியாக வெட்டி, வெட்டுப்பக்கத்தை வாணலியில் சுட்டுப் போடுங்கள், நிறம் அந்தத் தோலிலிருந்து இறங்கும். மஞ்சள் தூளுக்குக் கை போகும், போடாதீர்கள். கேரட்டையும் பார்ஸ்னிப்பையும் முதலில் வெங்காய எண்ணெயில் வதக்கினால் வெந்நீர் ருசி போய்விடும். கோழி மாதிரி மூன்று மணி நேரம் தேவையில்லை, ஒன்றேகால் மணி போதும், மேலே போனால் காய் சக்கையாகிவிடும். டில் கடைசிப் பத்து நிமிஷம். உப்பு, நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாக.

நூலகத்_திண்ணை:

உங்கள் மாமியாரிடம் சொல்ல ஒரு விஷயம். இதை இறைச்சி மறுப்பவர்களின் புதுமோகம் என்று அவர் நினைத்தால், 1938இல் வில்னாவிலேயே (இன்றைய லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ்) ஃபானியா லெவாண்டோ என்ற அம்மையார் யிட்டிஷில் முழுக்க முழுக்க சைவச் சமையல் புத்தகம் அச்சிட்டார் என்று சொல்லுங்கள். அந்த ஊரில் அவர் சைவ உணவகமும் நடத்தினார். போர் அவரைக் கொண்டுபோய்விட்டது, புத்தகம் பிழைத்தது. செடர் தட்டில் வைக்கும் எலும்புக்குப் பதில் சைவர்கள் சுட்ட பீட்ரூட் வைப்பதற்கும் யூதர்களின் பழைய மறைநூலான தால்முதில் ரவ் ஹூனா என்ற ரபியின் வாக்கு ஆதாரமாக இருக்கிறது. மகளுக்குப் பிடிக்கும்.

ராரிட்டன்_கரை:

ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டேன்! ஹைஃபா அக்கா சொன்னபடியே. முதல் சட்டி வெங்காயத்தைக் கொஞ்சம் கருக்கிக் கொட்டினேன், இரண்டாவது சரியாக வந்தது.

உருண்டை அளவு, தேவைப்படுபவர்களுக்காக: 4 முட்டை, 1 கப் மட்சா மாவு, கால் கப் வெங்காய எண்ணெய், கால் கப் சூப், 1 தேக்கரண்டி உப்பு. கலந்து இரண்டு மணி நேரம் குளிரவைத்து, கையை நனைத்துக்கொண்டு எலுமிச்சையைவிடச் சின்னதாக உருட்டி, உப்புத் தண்ணீரில் 40 நிமிஷம். இட்லிக்கு மாதிரிதான், நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. இரண்டு மடங்காக உப்பியது.

ஒரு ஜாடியில் எடுத்துக்கொண்டு பபி வீட்டுக்குப் போனோம். என்னவென்று சொல்லாமல் மகளே கிண்ணத்தை நீட்டினாள். பபி குடித்தார், உப்புப் போட்டார், இன்னும் ஒரு கிளை டில் கிள்ளிப் போட்டார். மறுபடி குடித்தார். "இந்த வெங்காய எண்ணெயை எங்கம்மா ஒன்பது நாளில் செய்வாள்" என்றார். திஷா பெ'ஆவ் துக்க நாளுக்கு முந்தைய அந்த ஒன்பது நாளும் சப்பாத்தை (சனிக்கிழமை ஓய்வுநாள்) தவிர கறி கிடையாது. வில்னா புத்தகத்தைச் சொன்னேன். எனக்குக் காட்டு என்றார், யிட்டிஷ் எழுத்தைப் படிக்க வேண்டுமாம்.

பிறகு நிலவறையிலிருந்து பெசாக் பாத்திரப் பெட்டியை எடுக்கச் சொன்னார். எண்ணெய் உருண்டைக்கு ஒரு சின்னப் பானையை ஒதுக்கி, அதன் கரண்டியில் நீல நூல் கட்டினார். எத்தனை கிண்ணம் என்று மகளைக் கேட்டார். எனக்கொன்று அம்மாவுக்கொன்று என்றாள். "மூணு வை" என்றார் பபி.

ஒரே ஒரு சந்தேகம், அக்கா. உருண்டையை முதல் நாளே வேகவைத்து வைக்கலாமா?

ஹைஃபாவிலிருந்து:

வைக்கலாம். ஆனால் சூப்பில் ஊறப்போடாதீர்கள், ராத்திரிக்குள் பாதி சூப்பைக் குடித்துவிடும். தட்டில் தனித்தனியாக வைத்து மூடி, பரிமாறக் கால் மணி முன்னால் சூடான சூப்பில் விடுங்கள். மூணாவது கிண்ணத்துக்கும் சேர்த்து எண்ணி உருட்டுங்கள்.