மறுமொழி: திறன் குழல்களில் ‘ரெட் பிளேட்டிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம். ஆம்ப்ளிஃபயரின் திறன் குழலுக்குள் (பவர் வால்வு) இருக்கும் உலோகத் தகடு மிகையாகச் சூடேறிச் சிவந்து ஒளிர்வதே ‘ரெட் பிளேட்டிங்’. நம் கலைச்சொல் தொகுப்புக்கு அதன் தமிழ்ப்பெயரைத் தேடும்போது நண்பர் ஒருவர் எழுதியது:

> ‘செந்தகடாதல்’ என்று வைத்துக்கொள்ளலாமே. சிவப்பும் தகடும் அப்படியே வந்துவிடுகின்றன.

வந்துவிடுகின்றன, எனக்கு உறுத்துவதும் அதுதான். அந்தச் சொல் நிறத்தோடு நின்றுவிடுகிறது. குழலுக்குள் தகடு சிவப்பது தாங்கும் அளவைக் கடந்து சூடேறியதால். அந்தச் சூட்டையும் சிவப்பையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே ஒரு வினை இருக்கிறது. கொல்லன் உலையில் இரும்பு பழுக்கிறது. ‘பழுக்கக் காய்ச்சிய இரும்பு’ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். ஆகவே என் முன்மொழிவு ‘தகடு பழுத்தல்’. ‘இரண்டாவது குழலின் தகடு பழுத்துவிட்டது’, ‘பழுக்கத் தொடங்கினால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள்’ என்றெல்லாம் வினையாகத் தடையின்றிப் புழங்கும். ‘செந்தகடாகத் தொடங்கினால்’ என்று ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவர் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

பழுப்பு நிறத்தோடு குழம்பாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ‘தகட்டுப் பழுப்பு’ என்று பெயராக்கினால் குழம்பத்தான் செய்யும். ‘பழுத்தல்’ என்ற தொழிற்பெயரோடு நிறுத்திக்கொள்வோம்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. குழல் பழுதாகும் வழிகளைத் தனித்தனிப் பெயரிட்டுப் பிரிக்காவிட்டால், எந்தப் பாதுகாப்பு எதற்கு என்பது தெரியாமலே போய்விடும். இஎல்34 என்ற வகைத் திறன் குழலின் தகடு தாங்கக்கூடிய வெப்பத்திறன் 25 வாட். குழலின் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் எதிர் மின்னழுத்தமான சார்பு மின்னழுத்தம் (பயாஸ்) அறுந்துபோய், 450 வோல்ட்டில் 200 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 90 வாட். தகடு பழுக்கிறது. ஆனால் உள்வரும் மின்சாரத்தில் இருக்கும் முதன்மை உருகிக்கு (ஃபியூஸ்) இது ஒரு சுமையே அல்ல. முழு ஒலியில் வாசிக்கும்போது நான்கு குழல் கொண்ட கருவி இதைவிட அதிகமாகவே இழுக்கும். அந்த அளவைத் தாங்கும்படிதான் உருகியைப் பொருத்தியிருப்பார்கள். உருகி அசையாமல் நிற்க, குழல் செத்து, திரை வலையின் (தகட்டுக்கு முன்னால் இருக்கும் கம்பி வலை) மின்தடை கரிந்து, கடைசியில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் சுருளும் போகிறது. குழலை மாற்றிவிடலாம். டிரான்ஸ்ஃபார்மர் போனால் வயிறு எரியும்.

குழலுக்குள் தகடும் வலையும் தொட்டுக்கொள்ளும் குறுக்குச்சுற்று வேறு வகை. அது நொடியில் நடப்பது. மின்னோட்டம் எகிறுவதால் உருகிக்கும் வேலை வரும். பழுத்தல் மெல்ல நடப்பது; விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கருந்தகட்டில் மங்கிய செம்புள்ளி ஒன்று கண்ணுக்குத் தெரியும். இரண்டையும் ‘குழல் எரிந்துவிட்டது’ என்று ஒரே வாக்கியத்தில் அடக்குவது நோயின் பெயரைச் சொல்லாமல் மருந்து கேட்பது போன்றது.

அடுத்தது ‘தெர்மல் ரன்அவே’. ‘வெப்பக் கட்டுமீறல்’ என்று முன்மடலில் இருந்தது. தவறில்லை. ஆனாலும் ‘வெப்பத் தறிகேடு’ என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். தறி என்பது யானையையோ மாட்டையோ கட்டும் முளை; அது பெயர்ந்தால் விலங்கு கட்டுக்கடங்காமல் ஓடும். குழலில் நடப்பதும் அதுதான். மிகையாகச் சூடேறிய தகட்டிலிருந்து சிறிது வாயு வெளியேறுகிறது; அதன் அயனிகள், சார்பு மின்னழுத்தம் தரப்படும் கட்டுப்பாட்டு வலைக்குச் சென்று சிறு மின்னோட்டமாகின்றன. வலையின் மின்தடை 220 கிலோ ஓம் என்றால், 10 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டமே எதிர்ச் சார்பில் 2.2 வோல்ட்டைத் தின்றுவிடும். சார்பு குறைய, தகட்டு மின்னோட்டம் கூடும், தகடு இன்னும் சூடாகும், இன்னும் வாயு. குழலைக் கட்டிவைத்திருக்கும் முளையே அந்தச் சார்பு மின்னழுத்தம்தான். முளை பெயர்ந்தபின் ஓடுவதைத் தறிகெட்டு ஓடுதல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

உருகிகளின் பெயர்கள் பற்றி. ‘உயரழுத்த உருகி’ வேண்டாம். படிப்பவர் மனத்தில் மின்கம்பமும் 11,000 வோல்ட்டும்தான் வரும். தகட்டுக்குப் போகும் வழியில் இருப்பதைத் ‘தகட்டுவழி உருகி’ என்போம். ஆனால் எல்லாக் குழல்களுக்கும் பொதுவான அந்த உருகியின் அளவு 500 மில்லியாம்பியர் என்றால், மேலே சொன்ன 200 மில்லியாம்பியர்க் குழல் அதன் கண்ணிலும் படாமல் பழுக்கும். ஒவ்வொரு குழலின் எதிர்மின்வாயிலும் (கேத்தோடு) தனித்தனியாக வைக்கும் சிறு உருகிதான் அதைப் பிடிக்கும். அதற்குக் ‘குழல் உருகி’ என்ற பெயரே போதும், ‘எதிர்மின்வாய் உருகி’ என்று நீட்ட வேண்டியதில்லை. அது அறுந்தால் எதிர்மின்வாய் அந்தரத்தில் மிதந்து, சூடேற்றும் இழைக்கும் அதற்கும் இடையே மின்னழுத்தம் ஏறிவிடும் என்பதால் உருகிக்கு இணையாக ஒரு மின்தடையையும் போடுவார்கள். இதை வரையறையிலேயே சேர்த்துவிட வேண்டும். தகட்டுவழி உருகிக்கான குறிப்பில் அது நேர்மின்னோட்டத்தில் எத்தனை வோல்ட்டுக்கு உரியது என்பதையும் கேட்கச் சொல்ல வேண்டும். 250 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கான சாதாரணக் கண்ணாடி உருகி, 450 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் அறுந்தபின்னும், இடைவெளியில் மின்பொறி தொடர்ந்து பாயும் பொறிவில்லாக எரிந்துகொண்டிருக்கக்கூடும்.

தொகுப்புக்கு என் வரைவு:

தகடு பழுத்தல் – திறன் குழலின் தகடு, தாங்கக்கூடிய வெப்பத்திறனைக் கடந்து சூடேறிச் செந்நிறமாக ஒளிர்தல். சார்பு இழப்பு, வெப்பத் தறிகேடு ஆகியவற்றின் வெளிப்பாடு. முதன்மை உருகி அறாமலே நிகழலாம்.

ஒரே ஒரு ஐயம் எனக்கு மிச்சம் இருக்கிறது. திரை வலையின் மெல்லிய கம்பிகளும் சில நேரம் இப்படியே ஒளிர்கின்றன. அதையும் ‘வலை பழுத்தல்’ என்று இதே வினையால் சொல்வதா, கம்பி என்பதால் ‘கனலுதல்’ என்று பிரிப்பதா? நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன். குழல்களைக் கையாண்டு பழகியவர்கள் சொல்லுங்கள்.